ஆர்.டி.ஐ. மனு: காரணத்தைக் கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.), 2005 பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

எங்கள் தெரு ரோடு ஆறே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. 'ஏன் தரமில்லாமல் போட்டீர்கள்?' என்று பேரூராட்சிக்கு ஆர்.டி.ஐ. போட்டேன். 'இது தகவல் என்ற வரையறைக்குள் வராது' என்று பதில் வந்திருக்கிறது. ஏமாற்றுகிறார்களா சார்?

எரிச்சலூட்டும் பதில்தான், ஆனால் சட்டப்படி சரி. ஆவணத்தில் இருப்பதைத் தர வேண்டும் என்பதுதான் அவர்கள் கடமை. உட்கார்ந்து விளக்கம் எழுத வேண்டியதில்லை. ஆகவே 'ஏன்' என்பதை எடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "இன்ன தெருவில் இன்ன ஆண்டு போட்ட சாலையின் மதிப்பீடு, பணி உத்தரவு, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பில் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் வேண்டும்."

அளவுப் புத்தகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். எத்தனை மீட்டர் நீளம், என்ன அகலம், என்ன கனம் என்று எழுதி பொறியாளர் அதில் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தப் பக்கத்தையும் ஒரு டேப்பையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். நீங்கள் கேட்ட 'ஏன்' பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். பணியை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்டு வாங்கவும்கூட பிரிவு 2(ஜே) இடம் தருகிறது. இதைப் பலர் கேட்பதே இல்லை.

மனுவுக்கான பத்து ரூபாய் கட்டணத்தை எப்படிக் கட்டுவது அண்ணா? ஸ்டாம்ப் ஒட்டினால் திருப்பி அனுப்புகிறார்கள்.

எந்த அலுவலகம் என்று சொல்லவில்லையே. தமிழக அரசு அலுவலகம் என்றால் மனுவிலேயே பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டலாம். மத்திய அரசு அலுவலகத்தில் அது செல்லாது. போஸ்டல் ஆர்டர் வாங்குங்கள், இல்லை ஆன்லைனில் கட்டுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமே இல்லை, சான்று மட்டும் இணைக்க வேண்டும்.

போனில் கூப்பிட்டு 'எதுக்கும்மா இதெல்லாம் கேக்குறீங்க?' என்கிறார்கள். சொல்லியே ஆக வேண்டுமா?

வேண்டாம். பிரிவு 6(2) தெளிவாகச் சொல்கிறது: காரணம் கேட்கக் கூடாது. 'எழுத்தில் பதில் அனுப்புங்க சார்' என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

தவறான துறைக்கு அனுப்பிவிட்டேன்.

கவலை வேண்டாம். ஐந்து நாளுக்குள் உரிய துறைக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும், பிரிவு 6(3).

பதில் தர வேண்டிய முப்பது நாள் கெடு தாண்டிவிட்டது, பதிலே இல்லை. அடுத்து என்ன?

கெடு முடிந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். அது, மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலருக்கு மேல் பதவியில் இருப்பவருக்குப் போகும். அவர் 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அலுவலருக்கு அபராதம் போட ஆணையத்தால் முடியும். ஆனால் போடுவது அபூர்வம், ஆணையத்தில் வரிசையும் நீளம். அதனால் முதல் மேல்முறையீட்டிலேயே கவனமாக எழுதுங்கள். பல கோப்புகள் அந்தக் கட்டத்திலேயே அசைந்துவிடும். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இன்னொன்று: கெடு தாண்டித் தரும் தகவலுக்கு நகல் கட்டணம் வாங்கக் கூடாது.

'தனிப்பட்ட தகவல்' என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள் சார்.

இப்போது இதுதான் பெரிய தலைவலி. தனிப்பட்ட தகவலை மறுக்க இடம் தரும் பிரிவு 8(1)(ஜே)-யில் முன்பு 'பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத' தகவல் போன்ற நிபந்தனைகள் இருந்தன. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றை எடுத்துவிட்டு, 'தனிப்பட்ட தகவல்' என்று மட்டும் விட்டுவைத்தது. எனக்கு இதில் உடன்பாடில்லை. மறுக்க நினைப்பவருக்கு வேலை சுலபமாகிவிட்டது. ஆனாலும் பிரிவு 8(2) அப்படியேதான் இருக்கிறது: தீங்கைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தரலாம். மேல்முறையீட்டில் அதைக் குறிப்பிட்டு, பொதுநலன் என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். காரணம் சொல்ல வேண்டாம் என்று மேலே சொன்னேன் அல்லவா, இந்த இடத்தில் மட்டும் சொல்லிவிடுவதுதான் நமக்கு லாபம்.