பழைய வண்டிகளின் புடைப்பெழுத்துத் தகடுகள்: கேள்வி பதில்

குலசேகரத்திலிருந்து: ரப்பர் தோட்டத்தில் ஓடிய 1960களின் ஜீப் ஒன்றைச் சீரமைத்து வருகிறேன். டேஷ்போர்டில் இருந்த தகவல் தகடு பாதி அரித்துவிட்டது. அதே போன்ற புடைத்த எழுத்துகளுடன் புதிய தகடு செய்ய எங்கே தொடங்க வேண்டும்?

தகட்டின் முதுகைப் பார்ப்பதில் தொடங்குங்கள். ரிவெட்டின் தலையை மட்டும் மெதுவாகத் துளையிட்டு எடுத்தால் தகடு வளையாமல் கழன்று வரும், உளி வேண்டாம். பின்புறத்தில் எழுத்துகள் குழிவாகத் தெரிந்தால், அது இரண்டு அச்சுகளுக்கு நடுவே அழுத்திச் செய்த தகடு. பின்புறம் சமதளமாக இருந்தால், எழுத்துகளைச் சுற்றியுள்ள தளத்தை அமிலத்தால் அரித்து எழுத்தை மேலே நிறுத்தியிருக்கிறார்கள். நம் பட்டறைகளில் இரண்டையும் எம்போஸ் என்றே சொல்வதால்தான் பாதிக் குழப்பம். அரித்த எழுத்தின் தலை தட்டையாகவும் விளிம்பு கூர்மையாகவும் இருக்கும். அழுத்திய எழுத்தின் தோள் உருண்டிருக்கும். முறை மாறிவிட்டால், எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் விவரம் தெரிந்தவர் கண்ணுக்கு அது போலியாகவே தெரியும்.

மார்த்தாண்டத்திலிருந்து, லேத் பட்டறை நடத்துபவர்: ஒரே ஒரு தகட்டுக்காக எஃகில் ஆண் அச்சும் (எழுத்து புடைத்தது) பெண் அச்சும் (எழுத்து குழிந்தது) வெட்டத்தான் வேண்டுமா?

எழுத்தின் அளவைப் பொறுத்தது. பெரிய எழுத்துகளும் விளிம்புக் கோடும் மட்டுமே உள்ள தகடானால், எழுத்துகளைக் கண்ணாடிப் பிம்பமாகக் குழிவெட்டிய ஒரே அச்சு போதும். தகட்டை முகம் கீழாக அதன்மேல் வைத்து, கெட்டியான பாலியூரித்தேன் ரப்பர் தகட்டை மேலே போட்டு ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தலாம். கோடு மெலிந்த சிற்றெழுத்துகளின் பள்ளத்துக்குள் ரப்பர் இறங்காது. அங்கே இணை அச்சு தேவை. இரண்டுக்கும் இடையில் தகட்டின் கனத்துக்குச் சமமான இடைவெளி விட வேண்டும், இல்லையேல் எழுத்தோரத்தில் தகடு கிழியும். அரை மில்லிமீட்டருக்கு உட்பட்ட மென் அலுமினியத்தில் ஓரிரண்டு தகடு எடுப்பதற்கு, முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுத்த பிளாஸ்டிக் அச்சே தாங்கும்.

அழுத்துவதற்கு முன் தகட்டைக் காய்ச்சி இளக்க, அதாவது உருகவிடாமல் மென்மையாக்க, வேண்டும். பித்தளையை மங்கலான வெளிச்சத்தில் லேசான சிவப்பு தெரியும்வரை சூடாக்கலாம். அலுமினியமோ சிவக்காமலேயே 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால், அதன்மேல் சோப்பைத் தேய்த்துச் சுடரை நகர்த்திக்கொண்டே காட்டி, சோப்பு கரும்பழுப்பாக மாறியதும் நிறுத்திவிட வேண்டும். வடசேரியில் கோயில் நகை செய்யும் ஆசாரிமார் யாரேனும் பழக்கமிருந்தால், உலோகத்தை இளக்கும் பக்குவத்தை அவரருகில் அரை நாள் நின்று பார்ப்பது எந்த வீடியோவையும்விட மேல்.

அழுத்தம் விலகியதும் உலோகம் சற்றே பின்வாங்கும் என்பதால் அச்சின் ஆழம் மூலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். தகட்டைச் சுற்றிலும் மிகுதி விட்டு வெட்டி, ஓரங்களை இறுக்கிப் பிடித்து அழுத்தி, அதன் பிறகே அளவுக்கு நறுக்கித் துளையிடுங்கள். முதலிலேயே நறுக்கினால் நடுப்பகுதி உப்பிக்கொள்ளும். எழுத்துருவைக் கணினியிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டாம். பழைய தகட்டின்மேல் மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதியையும், அளவுகோலுடன் ஸ்கேன் செய்த படத்தையும் வைத்து ஒவ்வொரு எழுத்தையும் வரைந்தெடுங்கள். அந்தக் காலத்து எழுத்துகளின் சிறு கோணல்களும் சீரற்ற இடைவெளிகளும் அப்போதுதான் தப்பிப் பிழைக்கும்.

தக்கலையிலிருந்து: பித்தளையை அரிக்கும் பெரிக் குளோரைடையே அலுமினியத்துக்கும் பயன்படுத்தலாமா?

கூடாது. அலுமினியம் அதில் கொதித்துப் பொங்கி, எழுத்து அரிபடாமல் காக்கும் மறைப்புப் பூச்சையே பெயர்த்துவிடும். ரப்பர் தோட்டக்காரர்கள் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லிக்கு வாங்குகிற துருசை (காப்பர் சல்பேட்) சமையலுப்புடன் நீரில் கரைத்து நீர்த்த நிலையில் பயன்படுத்தலாம். அதுவும் சூடாகி ஹைட்ரஜனை வெளிவிடும் என்பதால், நெருப்பை விலக்கித் திறந்த வெளியில் செய்யுங்கள். தாமிரம் கலந்த கழிவை ஓடையிலோ குளத்திலோ ஊற்றக் கூடாது.

நாகர்கோவிலிலிருந்து: எழுத்து மட்டும் பளபளக்க, பின்னணி கறுப்பாக இருக்க எப்படிப் பூசுவது?

முழுத் தகட்டுக்கும் பூசி, நன்றாகக் காய்ந்தபின், சமமான கட்டையில் சுற்றிய 1000 எண் நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) மேலோட்டமாகத் தேயுங்கள். அலுமினியத்துக்கு, வண்ணம் உலோகத்தைப் பற்றிக்கொள்ள உதவும் அடிப்பூச்சான எட்ச் பிரைமர் கட்டாயம்.

களியக்காவிளையிலிருந்து: வாங்கிய பழைய புல்லட்டில் தகடே இல்லை. எண்களைப் பொறித்தே செய்து தருவீர்களா ஐயா?

வெற்றுத் தகடு செய்து தருவேன். எண்ணைப் பொறிப்பதானால் பதிவுச் சான்றிதழையும் சட்டகத்தில் அடித்துள்ள சேஸ் எண்ணையும் நேரில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான். இரண்டும் ஒத்துப்போகாத வண்டிக்கு எந்த விலைக்கும் இல்லை. சட்டகத்தில் உள்ள எண்ணைத் தேய்ப்பதும் திருத்தி அடிப்பதும் குற்றம். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்கு 2021இல் வந்த பழமை வாகனப் பதிவு விதியும், சேஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது. நான் செய்யும் தகட்டின் பின்புறத்தில் ‘மறுபதிப்பு’ என்று சிறியதாகப் பொறிப்பது என் வழக்கம். தகட்டுக்கு வண்ணம் பூசிய பிறகு, எண்களை ஒவ்வொன்றாக எண் முளையால் (பஞ்ச்) அடியுங்கள். ஆலைகளிலும் பெரும்பாலும் தகடு முடிந்த பிறகே எண் விழுந்தது.

குளச்சலிலிருந்து: புதிதாகப் பொருத்திய அலுமினியத் தகடு, திருகைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து அரிக்கிறதே?

பித்தளைத் திருகு போட்டிருப்பீர்கள். உப்புக்காற்றின் ஈரத்தில் இரண்டு உலோகங்களும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும். அலுமினிய ரிவெட்டுக்கு மாறுங்கள். துளையின் உள்விளிம்பு உட்படத் தகட்டின் முதுகில் வார்னிஷ் பூசி, அது காய்ந்த பின்னரே வண்டியின் உடலில் பொருத்துங்கள்.