வழக்கும் நடக்கட்டும், வேலைக்கும் போங்கள்

அன்புள்ள ஐயா,

ஜவுளிக்கடையில் கூட்டாளியாக இருந்தவர் ஏமாற்றிவிட்டார். கடை போய்விட்டது, கடன் என் தலையில். வழக்கு நடக்கிறது. ‘நடந்ததை விடு, இனி உன் வாழ்க்கைக்கு நீதான் பொறுப்பு’ என்கிறார்கள் எல்லோரும். தப்பு செய்தவன் அவன், பொறுப்பு மட்டும் எனக்கா? நண்பர் ஒருவர் தன் கடையில் கணக்கு பார்க்கக் கூப்பிடுகிறார். போக மனம் வரவில்லை.

(பெயர் வேண்டாம் என்றிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள நண்பருக்கு,

‘நடந்ததை விடு’ என்று நான் சொல்லமாட்டேன். வழக்கை விடாதீர்கள்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர் மாரியப்பன் தங்கவேலு, உயரம் தாண்டும் மாற்றுத்திறனாளி வீரர். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிப்போனது. அந்தப் பையன் மேல் என்ன தப்பு? காய்கறி விற்ற அம்மா கடன் வாங்கி வைத்தியம் பார்த்தார். இழப்பீட்டுக்காகக் குடும்பம் பல ஆண்டுகள் வழக்கு நடத்தியது. பெருந்தன்மையாக யாரும் அதைக் கைவிடவில்லை. அதற்காக, தீர்ப்பு வரட்டும், அப்புறம் தாண்டிக்கொள்ளலாம் என்று பையன் உட்கார்ந்திருக்கவும் இல்லை. 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம்.

எனக்குப் பிடித்தது அந்த டோக்கியோ வெள்ளிதான். போட்டியின்போது மழை. அடிபட்ட காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்து, தாண்டக் கஷ்டமாகிவிட்டது என்று முடிந்ததும் வெளிப்படையாகச் சொன்னார். சாக்குச் சொல்கிறார் என்று யாராவது சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நனைந்த சாக்ஸோடுதான் 1.86 மீட்டர் தாண்டினார், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அவருக்கு உடற்கல்வி ஆசிரியர் இருந்தார், பயிற்சியாளர் இருந்தார். தன்னம்பிக்கை மேடைகளில் ‘தனி ஆளாக எழுந்தார்’ என்று முழங்குகிறவர்கள் இதை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

உங்களுக்கும் கூப்பிட ஒருவர் இருக்கிறார். ஆனால் கடிதம் முழுக்கக் கூட்டாளிதான், நண்பரின் கடை கடைசியில் ஒரு வரி. வழக்கில் ஜெயித்தாலும் பணம் கைக்கு வர நாளாகும். அதுவரை வட்டி நிற்காது. நண்பர்தானே என்று இருந்துவிடாமல் சம்பளத்தைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். வாய்தா நாளில் லீவு வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.