பிப்புக்குப் பணம் வந்ததும் எல்லாம் தீர்ந்துவிட்டதா?

"'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' போன்ற பழைய ஆங்கில நாவல்கள் சமூக ஏற்றத்தாழ்வைப் பேசுவதாகச் சொல்கிறார்கள். ஏழைப் பையனுக்குப் பணம் வருகிறது, அவ்வளவுதானே? இதில் நமக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய இந்த நாவலின் சுருக்கப் பதிப்பைப் பாடத்துக்காகப் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஏழைப் பையன்தான் பிப். பணம் வந்ததும் கதை தீர்ந்துவிடவில்லை. அந்தப் பணம், ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட மேக்விட்ச் என்ற கைதி ஆட்டுப் பண்ணையில் பாடுபட்டுச் சேர்த்தது. கனவானாகிவிட்ட பிப்புக்கு அது தெரியவரும்போது அருவருப்பாக இருக்கிறது. முடிவில் அத்தனையும் அரசாங்கத்துக்குப் போய்விடுகிறது. பிப்பின் கடனை அடைப்பவர் அவனை வளர்த்த கொல்லர் ஜோ.

எனக்கு இந்த நாவல் முக்கியமாகப்பட்டதற்குக் காரணம் அதன் 27ஆம் அத்தியாயம். பிப்பைப் பார்க்க ஜோ லண்டனுக்கு வருகிறார். காசு கொடுத்து அவரைத் தடுக்க முடியுமானால் கொடுத்திருப்பேன் என்று பிப்பே சொல்கிறான். தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஜோ கணப்படுப்பின் மேல்விளிம்பில் வைக்கிறார். அது விழுந்துகொண்டே இருக்கிறது. கிளம்பும்போது, இந்த உடுப்பில் நான் பொருந்தவில்லை, பட்டறையில் சுத்தியலோடு என்னைப் பார்த்தால் இவ்வளவு குறை தெரியாது என்கிறார்.

நான் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பதைச் சுற்றுலா வருகிறவர்கள்கூடச் சொல்வார்கள். பழம் பறித்தவர்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. அம்மா பழம் பறித்தார். அப்பா சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாய்த்து மிளகு பறித்தார். அந்தக் கூலியில்தான் அண்ணன் படித்துச் சேலத்தில் அதிகாரியானான்.

அண்ணனின் கல்யாணம் சேலத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அப்பாவுக்குப் புதுச் சட்டையும் ஷூவும் வாங்கிக் கொடுத்திருந்தான். அவர் முன்வரிசை நாற்காலியில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உட்கார்ந்திருந்தார். அண்ணனுடைய மேலதிகாரி வந்தபோது எழுந்து நின்றவர் பிறகு உட்காரவே இல்லை. "உட்காருங்கள் அப்பா" என்று அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். கொஞ்ச நேரத்தில் அவரைக் காணவில்லை. தேடிப்போனால், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுச் சமையல்காரர்களோடு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். என்ன அழகான வேகம்! தலைமைச் சமையல்காரரே நின்று பார்த்தார். அண்ணன் என்னிடம், "அவரை வெளியே கூட்டிக்கொண்டு வா, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்" என்றான். நான் கூப்பிடவில்லை. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன்.

அண்ணனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பெற்றவரைப் பார்த்தே கூசும்படி அவனுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எஸ்டெல்லா என்ற பெண் பிப்பின் முரட்டுக் கைகளையும் தடித்த பூட்ஸையும் பார்த்துச் சிரித்த நாளில்தான் அவனுக்கும் அந்தக் கூச்சம் வந்தது. ஏற்றத்தாழ்வு சோற்றில் மட்டுமல்ல, மனிதர் தம் கைகளைப் பார்த்துக்கொள்ளும் விதத்திலும் இருக்கிறது என்பதை டிக்கன்ஸ் அறிந்திருந்தார். 12 வயதில், தந்தை கடனுக்காகச் சிறையில் இருந்தபோது, ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் லேபிள் ஒட்டியவர் அவர்.

வெள்ளைக்காரனைத் தூக்கிப் பிடிக்கிறாள் என்று சிலர் வருவார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் மருதி என்ற கூலிப்பெண் படும் பாட்டைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' கதையில் எழுதியிருக்கிறார். அதையும் மதித்துத்தான் படித்தேன். சாதியை டிக்கன்ஸால் சொல்ல முடியாது என்பதும் உண்மை. பிப் உடையையும் பேச்சையும் மாற்றிக்கொண்டால் லண்டன் ஏற்றுக்கொள்கிறது. இங்கே சட்டையை மாற்றிய பிறகும் எந்தத் தெரு என்று கேட்பார்கள். அந்த இடத்தில் அவருடைய நாவல் நமக்குப் போதாது. அதற்காக ஜோவை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்திலிருந்து வரும் பஸ் சுற்றுலாப் பயணிகளால் நிரம்பிவிடுகிறது. சந்தை முடித்து மூட்டையோடு அடிவாரத்தில் நிற்கும் தோட்டத்துப் பெண்களைப் பார்த்தும் ஓட்டுநர்கள் நிறுத்துவதில்லை. மேலே வந்ததும் அதே பெண்களைக் கூடையோடு நிற்கச் சொல்லிப் பயணிகள் போட்டோ எடுக்கிறார்கள். அவர்களைக் கேட்டா எடுக்கிறீர்கள்? இது கேள்விக்குத் தொடர்பில்லாதது என்றால் இருக்கட்டும்.

நாவலை முழுப் பதிப்பாக வாங்குங்கள். நான் கல்லூரியில் படித்த சுருக்கத்தில், எஸ்டெல்லாவை வளர்த்த பணக்காரச் சீமாட்டி மிஸ் ஹாவிஷாமின் பழைய கல்யாணக் கேக் இருந்தது, ஜோ லண்டன் வந்தது இல்லை. கடையிலேயே 27ஆம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். தொப்பி விழவில்லையென்றால் வேறு பதிப்பைக் கேளுங்கள்.