முதல் இரட்டைக்குழல் ரைபிள்: மவுண்டுக்கு முன்னால் குழலைப் பாருங்கள்

கேள்வி: சொந்த ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். இப்போது ஆஸ்திரேலியாவின் டார்வினில் வேலை செய்கிறேன். துப்பாக்கி உரிமம் கிடைத்துவிட்டது. எருமை வேட்டைக்கு முதல் இரட்டைக்குழல் ரைபிள் வாங்கப் போகிறேன். எந்தத் தோட்டா நல்லது? ஸ்கோப்புக்கு எந்த மவுண்ட் போடலாம்?

தம்பி, நான் இன்னும் நம் ஊரில்தான் இருக்கிறேன். ஈப்போவில் ஒரு துப்பாக்கிக் கடையில் 26 ஆண்டுகள் பழுதுபார்க்கும் வேலை செய்தவன். அங்கே வந்தவற்றில் பெரும்பாலானவை செம்பனைத் தோட்டக்காரர்களின் ஷாட்கன்கள். நட்ட கன்றின் குருத்தைக் காட்டுப்பன்றி கிளறித் தின்றுவிடும் என்பதால் உரிமம் வாங்கி வைத்திருப்பார்கள். துரைமார் காலத்து இரட்டைக்குழல் ரைபிள் என் கைக்கு வந்தது விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆனால் டார்வினுக்கு வெளியே இருக்கும் என் அக்கா மகனிடம் ஒன்று இருக்கிறது. அதை வைத்து மாமனும் மருமகனும் பட்ட பாட்டிலிருந்துதான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

ஸ்கோப்பை, அதாவது தொலைநோக்கிக் குறிக்கருவியை, துப்பாக்கியில் பிடித்து நிறுத்தும் மவுண்டைக் கேட்கிறீர்கள். அதற்குப் பதில் குழலில் இருக்கிறது. இரண்டு குழல்களும் பார்வைக்கு இணையாகத் தெரிந்தாலும், வாய்ப்பக்கம் சற்றே நெருங்கி வரும்படி சேர்த்திருப்பார்கள். வலது குழல் வெடித்தால் துப்பாக்கி மேலேயும் வலப்புறமும் உதறும். இடது குழல் வெடித்தால் மேலேயும் இடப்புறமும். குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே இந்த உதறல் தொடங்கிவிடுகிறது. அதைக் கணக்கில் வைத்து, குழல்களுக்கு நடுவே ஆப்பு வைத்து, சுட்டுப் பார்த்து, மறுபடி நகர்த்தி, இரண்டு குண்டும் ஓரிடத்தில் விழும்வரை ஒரு கைவினைஞர் உட்கார்ந்து சரிசெய்கிறார். இதற்கு ரெகுலேஷன் என்று பெயர். இந்தத் துப்பாக்கிகளின் விலை அவ்வளவு இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். இந்தக் கணக்கு ஒரு குறிப்பிட்ட குண்டு எடைக்கும், குறிப்பிட்ட வேகத்துக்கும், துப்பாக்கியின் அப்போதைய எடைக்கும் மட்டுமே செல்லும். மேலே ஸ்கோப்பை ஏற்றினால் எடை மாறிவிடுகிறது.

என் மருமகன் வாங்கியது .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற பெரிய தோட்டாவுக்கான ரைபிள். தொழிற்சாலையில் ஸ்கோப் இல்லாமல் ரெகுலேஷன் செய்யப்பட்டது. பிறகு ஒரு பட்டறையில் கொடுத்து, ஸ்கோப்பைப் பிடிக்கும் உயரமான வளையங்களும் கனமான ஸ்கோப்பும் மாட்டிக்கொண்டான். 50 மீட்டரில் நான் சுட்டுப் பார்த்தபோது வலது குழலின் குண்டு இடப்பக்கமும், இடது குழலின் குண்டு வலப்பக்கமும் விழுந்தன. நடுவே என் விரித்த கையை வைக்கலாம். ஸ்கோப்பும் வளையமும் சேர்ந்து 700 கிராமுக்கு மேல் இருந்தன. அந்தப் பாரத்தில் துப்பாக்கி உதற வேண்டிய அளவு உதறவில்லை. அதனால் குண்டுகள் குறுக்கே பாய்ந்துவிட்டன. அவனோ இரண்டு மாதங்களாக ஸ்கோப்பின் திருகைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறான். தம்பி, இதை நன்றாக மனத்தில் வையுங்கள்: ஸ்கோப்பின் திருகு இரண்டு குழல்களின் குறியையும் ஒன்றாகத்தான் நகர்த்தும். குண்டுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை அது ஒரு மயிரிழைகூடக் குறைக்காது.

நாங்கள் அந்த ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, 100 கிராமைத் தொடாத சிறிய சிவப்புப் புள்ளிக் குறிக்கருவி ஒன்றை இரண்டு குழல்களுக்கு நடுவே ஓடும் ரிப் பட்டையோடு ஒட்டினாற்போலத் தாழ்வாக மாட்டினோம். இடைவெளி மூன்று விரல் அகலத்துக்கு வந்துவிட்டது. எருமையை 40, 50 மீட்டருக்குள் நெருங்கித்தான் சுடப் போகிறீர்கள் என்றால் என் பரிந்துரையும் இதுதான். கண் நல்ல நிலையில் இருந்தால் துப்பாக்கியோடு வரும் அகன்ற வி வடிவப் பின்குறியும் வெள்ளை மணி முன்குறியுமே போதும்.

ஸ்கோப் வேண்டும் என்றே முடிவு செய்தால், அதையும் மவுண்டையும் துப்பாக்கியோடு சேர்த்து ஆர்டர் கொடுங்கள். அவற்றை மாட்டிய நிலையில் ரெகுலேஷன் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். 1 முதல் 4 அல்லது 6 மடங்கு வரை பெருக்கும், முன்பக்கம் பருக்காத, முன்கண்ணாடி 24 மில்லிமீட்டர் உள்ள ஸ்கோப் போதும். கண்ணுக்கும் அதற்கும் 9 சென்டிமீட்டர் இடைவெளியாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புருவம் கிழியும். என் மருமகனின் இடப் புருவத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது, அவன் இடக்கைக்காரன்.

மவுண்டில் மூன்று வழிகள் உண்டு. நகம் போன்ற கொக்கிகளால் பிடிக்கும், ஜெர்மானியர்களின் பழைய முறையான நகப்பிடி மவுண்ட், ஒருபக்கம் கொக்கி மாட்டிச் சுழற்றிப் பொருத்தும் சுழல் மவுண்ட், நெம்புகோலால் கழற்றும் மவுண்ட். முதலாவது கைவேலை. எங்கள் கடையில் மூத்த பட்டறைக்காரர் ஒரு பழைய ரைபிளுக்கு அதைப் பொருத்தியதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் நகங்களைக் காட்டிக் கரி ஏற்றுவார். அடிப்பகுதியில் அழுத்தி எடுப்பார். கரி தேய்ந்து எங்கே இரும்பு மினுக்குகிறதோ அங்கே மட்டும் அரத்தால் ஓர் இழுப்பு. மறுபடி புகை, மறுபடி அழுத்தம். இரண்டு நாள் அப்படியே போனது. முடிவில் ஸ்கோப்பைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி ஐந்து முறை சுட்டோம், குறி நகரவில்லை. அந்த மாதிரிக் கை கிடைத்தால் நகப்பிடிக்கு ஈடு இல்லை. கிடைக்காவிட்டால் டேலி போன்ற நிறுவனங்களின் நெம்புகோல் மவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் கழற்றி மாட்டிய பிறகு குறி பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று கடையில் காட்டச் சொல்லுங்கள். அடிபட்ட எருமை எதிரே வரும் நேரத்தில் ஸ்கோப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்புக் குறியில் சுட முடிய வேண்டும். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கி கையில் அமைந்தால் அதில் துளை போடவே போடாதீர்கள்.

தோட்டாவுக்கு வருகிறேன். டார்வின் பக்கத்து எருமைகள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மெல்வில் தீவுக்கும் கோபர்க் தீபகற்பத்துக்கும் குடியேற்றக்காரர்கள் ஆசியாவிலிருந்து கொண்டுவந்த வீட்டு இனம். காடேறிவிட்டன, ஆனால் எலும்பும் தோலும் இளைக்கவில்லை. முதல் துப்பாக்கிக்கு நான் .450/400 நைட்ரோ எக்ஸ்பிரஸைச் சொல்வேன். 400 கிரெய்ன், அதாவது சுமார் 26 கிராம் குண்டு. உதை தோள் தாங்கும் அளவு. .470 என்பது 500 கிரெய்ன் குண்டை நொடிக்கு 650 மீட்டருக்கு மேல் அனுப்புகிறது; துப்பாக்கியே ஐந்து கிலோவை நெருங்கும். சுடத் தெரிந்தவனையும் அது கண்ணை மூட வைக்கும். பன்றியும் மானும்தான் பெரும்பாலும் என்றால், 286 கிரெய்ன் குண்டுள்ள ஜெர்மானிய 9.3×74ஆர் சிறந்தது, ஸ்கோப்பும் அதற்குத்தான் பொருந்தும். இவை எல்லாம் விளிம்புள்ள தோட்டாக்கள். விளிம்பைப் பற்றி இழுத்தால் உறை நழுவாமல் வெளியே வரும், இரட்டைக்குழலுக்கு அதுவே பாதுகாப்பு. (.470 பிறந்ததற்கே இந்தியா ஒரு காரணம். .450 தோட்டா கிளர்ச்சிக்காரர்கள் கையில் சேரும் என்று பயந்து ஆங்கிலேய அரசு இந்தியாவிலும் சூடானிலும் அதைத் தடுத்தது. கம்பெனிகள் அளவை மாற்றிப் புதிதாகச் செய்தன.)

விசை இரண்டு உள்ளதையே வாங்குங்கள். முன்விசை வலது குழலுக்கு, பின்விசை இடது குழலுக்கு. ஒரு பக்கம் பழுதானாலும் மறுபக்கம் வேலை செய்யும். இரட்டைக்குழலை வாங்குவதே இதற்காகத்தான்.

பழைய துப்பாக்கி என்றால் இரண்டு சோதனைகள். குழல்களைத் தனியாகக் கழற்றி, அடிக்கொக்கியை விரலில் மாட்டித் தொங்கவிட்டு, மரத்துண்டால் மெல்லத் தட்டுங்கள். கோயில் மணிபோல நீண்டு ஒலித்தால் பற்றவைப்பு உறுதி. கிரீச்சென்றோ செத்தோ ஒலித்தால் ரிப் பட்டை விட்டிருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து, குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கொஞ்சமும் ஆடக் கூடாது.

இன்னொன்று, நம் உடல்வாகு. ஐரோப்பியர்களுக்குச் செய்த பின்கட்டை (தோளில் வைக்கும் மரம்) நம்மில் பலருக்கும் நீளமாக இருக்கும். கடையில், தோட்டா இல்லாத வெறும் துப்பாக்கி என்று உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடித் தோளில் ஏற்றுங்கள். கண்ணைத் திறக்கும்போது முன்குறி பின்குறியின் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். உயரமான ஸ்கோப் வைத்தால் கன்னம் கட்டையில் படாமல் கழுத்து நிமிரும். தாழ்வான மவுண்டைத் தேடச் சொல்வது அதனாலும்தான்.

வாங்கிய பிறகு நின்றபடி, கைக்கு முட்டு வைத்து, வலது ஒன்று, இடது ஒன்று என ஜோடியாகச் சுடுங்கள். குழல் ஆறும்வரை காத்திருந்துவிட்டு அடுத்த ஜோடி. ஒவ்வொரு துளையிலும் வ, இ என்று எழுதுங்கள். வ வலப்பக்கமும் இ இடப்பக்கமுமாக அகன்று விழுந்தால் தோட்டாவின் வேகம் குறைவு, குறுக்கே விழுந்தால் வேகம் அதிகம்.

கடைசியாக ஊர்க்காரனாக ஒன்று. 1948 ஜூன் 16-இல் எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று துரைமார் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான மலாயா அவசரகாலம் தொடங்கியது நம் ஊரில்தான். அது முடிந்த 1960-இல் வந்த ஆயுதச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாத ஒரு தோட்டாகூட இங்கே குற்றம். தீபாவளிக்கு வரும்போது வேட்டைக்குப் போன பையையும் சட்டையையும் கொண்டுவராதீர்கள். அவற்றை அங்கேயே வைத்துவிட்டு, வேறு பையில் துணி எடுத்து வாருங்கள். முதல் நான்கு ஜோடி சுட்ட தாளின் படத்தை மட்டும் இந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.