தோற்கும் அணியின் ரசிகர்களுக்குக் கோச்சைவிட அதிகமாகத் தெரியுமா?

கேள்வி: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் எல்லாரும் உள்ளூர் ஃபுட்பால் அணியின் கோச்சையும் குவார்ட்டர்பேக்கையும் திட்டித் தீர்க்கிறார்கள். அதே தொழிலில் ஊறிய கோச்சுக்குத் தெரியாதது, வீட்டில் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடுமா?

பதில்:

தெரியும். ஆட்டத்தின் நுணுக்கம் கோச் அளவுக்குத் தெரியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு அணி அதே தப்பை எத்தனை வருடமாகச் செய்துவருகிறது என்பது ரசிகர்களுக்குத்தான் தெரியும். கோச் இரண்டு மூன்று வருடத்தில் வேறு ஊருக்குப் போய்விடுவார். ரசிகர் அதே ஊரில் அதே இருக்கையில்தான் இருப்பார்.

நீங்கள் எந்த ஊர் என்று சொல்லவில்லை. தோற்றுத் தோற்றுச் சலித்துப்போன ஊர் ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொள்கிறேன். நான் இருப்பது கிளீவ்லாந்தில். எங்கள் அணி பிரவுன்ஸ். தமிழர்களுக்குக் கிளீவ்லாந்து என்றால் தியாகராஜ ஆராதனைதான் நினைவுக்கு வரும். இந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால் பிரவுன்ஸ் என்பார்கள், அடுத்த நொடியே பெருமூச்சு விடுவார்கள்.

நான் சொல்வது அமெரிக்க ஃபுட்பால், நம் ஊர்க் கால்பந்து இல்லை. இதில் குவார்ட்டர்பேக் என்பவர்தான் ஒவ்வொரு ஆட்ட நகர்விலும் பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடியில் முடிவு செய்கிறார். அந்த இரண்டு மூன்று நொடியை அவருக்கு வாங்கித் தருபவர்கள் முன்னால் நிற்கும் ஐந்து பேர், அஃபென்சிவ் லைன். அந்த ஐவர் சரியில்லை என்றால் எவ்வளவு திறமையான பையனும் தரையில்தான் கிடப்பான். இது எனக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லிக்கொடுத்தது. போலந்து வம்சாவளிக்காரர். 1964 டிசம்பரில் பிரவுன்ஸ் பால்டிமோரை 27-0 என்று ஜெயித்துச் சாம்பியன் ஆனபோது அவர் சிறுவன். உள்ளூர் டிவியில் காட்ட மாட்டார்கள் என்பதால் அப்பாவோடு ரேடியோவில் கேட்டாராம். அதற்குப் பிறகு இன்றுவரை கோப்பை இல்லை. 1995இல் முதலாளி அணியையே பால்டிமோருக்குக் கிளப்பிக்கொண்டு போனார். மூன்று சீசன் ஊரில் அணியே இல்லை. 1999இல் அதே பெயரில் புது அணி வந்தது. அப்போதிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கிய குவார்ட்டர்பேக்குகளின் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒரு ரசிகர் தன் பிரவுன்ஸ் ஜெர்சியின் முதுகில் பழைய குவார்ட்டர்பேக்கின் பெயரை அடித்து அடித்து அடுத்தவர் பெயரை ஒட்டிக்கொண்டே வந்தார். அது ஊரில் ஒரு கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் தொங்கியது. வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துச் சிரிப்பார்கள். எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வராது.

கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். 1999 டிராஃப்டில் முதல் ஆளாக டிம் கவுச் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். முதல் சீசனிலேயே அவரை எதிரணி 56 முறை வீழ்த்தியது. அப்புறம் 2007இல் பிரேடி குவின், 2012இல் பிராண்டன் வீடன், 2014இல் ஜானி மான்செல். இந்த மூன்று பேரும் எடுக்கப்பட்டது 22ஆவது இடத்தில். மூன்று பேருமே நிலைக்கவில்லை. நட்ட நாற்றைத் தினமும் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்த்தால் எது பிழைக்கும்?

சரி, என் கதைக்கு வருகிறேன். 2017 சீசன். 16 ஆட்டம், 16 தோல்வி. அதற்கு முந்தைய வருடம் ஒரே ஒரு வெற்றி. இரண்டு வருடமும் ஹியூ ஜாக்சன்தான் கோச். டிஷோன் கைசர் என்ற 21 வயதுப் பையனை இரண்டாம் சுற்றில் எடுத்து, முதல் ஆட்டத்திலேயே தொடங்க வைத்தார்கள். பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க அனுபவமுள்ள ஒரு குவார்ட்டர்பேக் கிடையாது. ஜெட்ஸ் அணியுடனான ஆட்டத்தில் பாதியில் உட்கார வைத்தார்கள். அடுத்த ஆட்டத்தில் வேறொருவர். அதற்கடுத்த வாரம் டென்னசிக்கு எதிராக மறுபடி இவர், மறுபடி பாதியில் வெளியே. அதே ஆட்டத்தில்தான் அந்த ஐவர் வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் ஜோ தாமஸின் கை தசை கிழிந்தது. 10,363 நகர்வுகள், ஒன்றைக்கூட விடாமல் தொடர்ந்து ஆடியவர். அதோடு அவர் ஆட்டமே முடிந்தது. அவ்வளவு பெரிய வீரர் ஒரு பிளே ஆஃப் ஆட்டம்கூட ஆடாமல் ஓய்வு பெற்றார். அவரும் இல்லாத அந்த ஐவர் வரிசைக்குப் பின்னால் அந்தப் பையனை மறுபடி நிறுத்தினார்கள்.

அக்டோபர் கடைசியில் சின்சினாட்டியிலிருந்து ஏ.ஜே. மெக்காரனை வாங்க ஒப்பந்தம் பேசி முடித்துவிட்டு, லீக் அலுவலகத்துக்கு நேரத்துக்குள் காகிதம் போய்ச் சேராமல் அதுவும் கெட்டது. தன் இடத்துக்கு ஆள் தேடியது, அதுவும் கைகூடாமல் போனது, எல்லாம் செய்தியில் வந்த பிறகு அந்தப் பையன் மறுபடி களத்தில் இறங்கி ஆட வேண்டும். யோசித்துப் பாருங்கள்.

டிசம்பரில் கிரீன் பே அணி எங்கள் ஊருக்கு வந்து ஆடிய ஆட்டத்துக்குப் பெரியவர் என்னையும் என் மகனையும் கூட்டிக்கொண்டு போனார். ஏரியிலிருந்து வரும் காற்றில் மூக்கு மரத்துப்போனது. நான்காம் கால் பகுதியில் பிரவுன்ஸ் 21-7 முன்னிலை. மைதானத்தில் முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். பிறகு கிரீன் பே ஒரு டச் டவுன் போட்டது, அதாவது பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனது. அப்புறம் பிரவுன்ஸ் உதைத்து அனுப்பிய பந்தைப் பிடித்துப் பாதி மைதானத்துக்கு மேல் ஓடினார்கள், சமன் ஆனது. ஓவர்டைமில் கைசர் மேல் கிளே மேத்யூஸ் வந்து விழ, பந்து தாறுமாறாக மேலே போய் எதிரணியின் கையில் விழுந்தது. அடுத்து டச் டவுன். 27-21. முடிந்தது.

எங்கள் வரிசையில் இருந்தவர்கள் அந்தப் பையனைச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். பெரியவர் மட்டும் கையை நீட்டிக் கோச் நின்ற பக்கத்தைக் காட்டி, ‘கேட்க வேண்டியது அங்கே’ என்றார். என் மகனுக்கு அப்போது கைசரைவிட நான்கைந்து வயதுதான் குறைவு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் பேசவே இல்லை. எனக்கும் அந்தப் பையனின் அம்மா இதை எங்கே உட்கார்ந்து பார்த்தாரோ என்பதிலேயே மனசு நின்றது. ஆட்டம் தெரியாதவள் உணர்ச்சிவசப்படுகிறாள் என்று யாராவது கமென்டில் எழுதுவார்கள், எழுதட்டும். அந்த வருடம் லீகிலேயே அதிக இன்டர்செப்ஷன், அதாவது எறிந்த பந்து எதிரணியிடம் சிக்குவது, அவருடையதுதான், 22. அதை நான் மறைக்கவில்லை. 21 வயதில், அந்த வரிசைக்குப் பின்னால், வாரத்துக்கு ஒரு தடவை மனசு மாறும் கோச்சின் கீழ் வேறு என்ன எண்ணிக்கை வரும் என்றுதான் கேட்கிறேன்.

அந்த சீசனின் கடைசி ஆட்டம் பிட்ஸ்பர்க்கில். 28-24 என்று பின்தங்கியிருந்தபோது கடைசி வாய்ப்பில் அவர் எறிந்த பந்து நேராகக் கோரி கோல்மனின் கைக்குப் போனது. கோல்மன் விட்டுவிட்டார். 0-16. அடுத்த வாரம் கொட்டும் குளிரில் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு மைதானத்தைச் சுற்றிப் பூஜ்ய வடிவில் ஊர்வலம் போனார்கள். வெளியூர்ப் பத்திரிகைகள் வேடிக்கையாக எழுதின. நானும் போயிருந்தேன். உணவு வங்கிக்கு நன்கொடை சேர்த்தார்கள், அதையும் எழுதியிருக்கலாம்.

மார்ச்சில் கைசரைக் கிரீன் பேவுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு ஆட்டத்தைத் தொடங்கும் வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லை. கோச்சோ பதவியில் நீடித்தார். 40 ஆட்டத்தில் 3 வெற்றி, ஒரு சமன் என்ற கணக்கோடு 2018 அக்டோபர் கடைசியில்தான் வெளியேற்றப்பட்டார். உங்கள் அலுவலகத்தில் திங்கட்கிழமை கேட்கும் கோபத்தின் வேர் இதுதான். தோற்றதற்காக இல்லை. முடிவெடுத்தவர் நீடித்தார், முடிவைச் சுமந்த பையன் முதலில் போய்விட்டான்.

குவார்ட்டர்பேக்குக்குக் கோடிக்கணக்கில் சம்பளம், திட்டு வாங்கினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. பணம் வாங்கினால் முதுகெலும்பு இரும்பாகிவிடுமா? திட்டுங்கள், ஆனால் சரியான ஆளைத் திட்டுங்கள் என்பதே என் கட்சி.

இதில் எனக்கு ஆறவே ஆறாத இன்னொன்று இருக்கிறது. 2017 டிராஃப்டில் பிரவுன்ஸிடம் 1ஆம் இடமும் 12ஆம் இடமும் இருந்தன. முதல் இடத்தில் மைல்ஸ் காரட்டை எடுத்தார்கள், அது தங்கமான முடிவு. 12ஆம் இடத்தை வேறு டிராஃப்ட் இடங்களுக்காக ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். ஹூஸ்டன் அதில் எடுத்தது டிஷான் வாட்சன் என்ற குவார்ட்டர்பேக்கை. 2022இல் அதே வாட்சனை வாங்க மூன்று வருடத்து முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளை ஹூஸ்டனுக்கே கொடுத்தார்கள். மேலே ஐந்து வருடத்துக்கு 230 மில்லியன் டாலர், முழுக்க உத்தரவாதம். அப்போது அவர் மேல் இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் அத்துமீறல் புகாரோடு சிவில் வழக்குப் போட்டிருந்தார்கள். அவர் மறுத்தார், கிராண்ட் ஜூரிகள் குற்றம் சாட்டவில்லை, பெரும்பாலான வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. லீக் 11 ஆட்டம் தடையும் 5 மில்லியன் அபராதமும் விதித்தது. தடை பிறகு வந்தது, ஆனால் வழக்குகள் இருப்பது தெரிந்தேதான் வாங்கினார்கள். எங்கள் வீட்டில் மகள் தன் பிரவுன்ஸ் ஜெர்சியைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தாள். ‘ஏன்மா இவரைக் கொண்டு வந்தாங்க?’ என்று கேட்டாள். கோச்சுக்கு எல்லாம் தெரியும் என்று அவளிடம் சொல்லச் சொல்கிறீர்களா?

வாட்சனுக்காக வெளியே அனுப்பப்பட்ட குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டு. 2021 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கையே அவர்கள் மைதானத்தில் 48-37 என்று சாய்த்தவர். அடுத்த சீசனில் இடது தோள் கிழிந்தும் வாரா வாரம் ஆடினார். அப்படி ஆட விட்டதே தப்பு, அதைப் பார்த்துவிட்டு இவர் லாயக்கில்லை என்று தீர்மானித்தது அதைவிடத் தப்பு. அவர் டாம்பா பே போய் 2023லும் 2024லும் அந்த அணி இருக்கும் பிரிவை, டிவிஷனை, ஜெயித்துக் காட்டினார். அப்போது பிரவுன்ஸ் கோச்சாக இருந்த கெவின் ஸ்டெஃபான்ஸ்கியை நான் கெட்ட கோச் என்று சொல்ல மாட்டேன். இரண்டு முறை லீகின் சிறந்த கோச் விருது வாங்கியவர். 2023இல் வீட்டில் சும்மா இருந்த குவார்ட்டர்பேக் ஜோ ஃபிளாக்கோவைக் கூட்டிவந்து பிளே ஆஃப் வரை போனார். ஆனால் வாட்சன் ஆட வேண்டும் என்பதைத் தீர்மானித்தது அந்தச் சம்பளம். 230 மில்லியன் கொடுத்த ஆளைப் பெஞ்சில் உட்கார வைக்க எந்த முதலாளி சம்மதிப்பார்?

2024 அக்டோபரில் சொந்த மைதானத்தில் வாட்சனின் குதிகால் தசைநாண் அறுந்து அவர் விழுந்தபோது சிலர் ஆரவாரம் செய்தார்கள். அவருடைய அணித் தோழர்கள் ஜேமிஸ் வின்ஸ்டனும் காரட்டும் அதைக் கண்டித்தது நியாயம். அவரை வாங்கியதை நான் மன்னிக்கவே இல்லை, ஆனாலும் அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்துக் கைதட்டுவது ரசிகர் செய்யும் வேலை இல்லை.

இதற்கும் உங்கள் கேள்விக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வாட்சனை வாங்கிய இதே முதலாளிகளுக்குப் புறநகரில் புது மைதானம் கட்ட 2025இல் ஒஹையோ மாநில பட்ஜெட்டில் 600 மில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். எங்கிருந்து? உரிமை கோரப்படாத பணத்திலிருந்து. ஊர் மாறினவர்கள் வாங்க மறந்த டெபாசிட், செத்துப்போனவர்களின் வங்கிக் கணக்கு, மாற்றாத காசோலை, இதெல்லாம் சேர்ந்த பணம். நாங்கள் முதலில் குடியிருந்த அபார்ட்மென்ட்காரர்கள் எங்கள் டெபாசிட்டைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தார்கள். கடைசியில் அது அந்தப் பட்டியலில்தான் கிடந்தது. அந்த டாலர்களுக்காக என் கணவர் எத்தனை ஃபோன் போட்டார் என்று எனக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவர்களின் காசு அது. வழக்குப் போட்டிருக்கிறார்கள், போட வேண்டியதுதான்.

திரும்ப விஷயத்துக்கு வருகிறேன். 2025 டிராஃப்டில் மூன்றாம் சுற்றில் டிலன் கேப்ரியல், ஐந்தாம் சுற்றில் ஷடோர் சாண்டர்ஸ் என்று ஒரே வருடத்தில் இரண்டு குவார்ட்டர்பேக்குகளை எடுத்தார்கள். சீசனை ஃபிளாக்கோ தொடங்கினார். அக்டோபரில் அவர் இடத்தில் கேப்ரியலை நிறுத்தி, அவரைச் சின்சினாட்டிக்கு அனுப்பினார்கள், பிறகு சாண்டர்ஸ். ஒரே சீசனில் மூன்று பேர். இதைப் பார்த்து உங்கள் அலுவலகத்துக்காரர் போன்ற ஒருவர் திங்கட்கிழமை கத்தினால், அவர் கோச்சைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்று காட்டிக்கொள்வதற்காகக் கத்தவில்லை. முதலில் அந்த ஐந்து பேரைச் சரி செய்யுங்கள், பிறகு ஒரு பையனைக் கொண்டு வந்து மூன்று வருடம் கையை வைக்காமல் விடுங்கள் என்கிறார். எங்கள் பெரியவரும் இதைத்தான் 1999இலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்த சீசனுக்கும் டிக்கெட் பணம் கட்டிவிட்டார்.