மகள் கடலூரில் பிளஸ் ஒன் படிக்கிறாள், பத்தாம் வகுப்பில் 488. ஹார்வர்ட், எம்.ஐ.டி. போன்ற இடங்களில் சேர எத்தனை மார்க் வேண்டும்? பள்ளி கவுன்சிலருக்கு இதில் என்ன வேலை?

மார்க் எத்தனை என்ற கேள்விக்கு இந்த அமெரிக்கக் கல்லூரிகளில் பதிலே இல்லை, ஏனென்றால் கட்-ஆஃப் இல்லை. நம் பொறியியல் கவுன்சிலிங்கில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கூட்டி ரேங்க் போடுகிறார்கள். 199 எடுத்தவரைத் தாண்டி 195-ஐ முதலில் கூப்பிட முடியாது. அங்கே முடியும். பாடச்சுமையைத் தாங்குவாளா என்று பார்ப்பதோடு மார்க்கின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். தாங்கக்கூடியவர்களே இருக்கும் இடங்களைப் போலப் பல மடங்கு விண்ணப்பிக்கிறார்கள். ஹார்வர்ட் இப்போது 100 பேரில் ஐந்து பேரைக்கூட எடுப்பதில்லை.

அதற்குப் பிறகு நடப்பது ஃபைல் வாசிப்பு. கல்லூரியில் நம் பகுதி விண்ணப்பங்களைக் கவனிக்கும் சேர்க்கை அதிகாரி முதலில் படிப்பார், பெரும்பாலும் இன்னொருவரும் படிப்பார், கடைசியில் குழு உட்கார்ந்து முடிவு செய்யும். 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த ஹார்வர்ட் சேர்க்கை வழக்கில் இந்த முறை வெளியே வந்தது: படிப்பு, வெளிச் செயல்பாடு, விளையாட்டு, குணம் என்று தனித்தனியாக 1 முதல் 6 வரை மதிப்பெண், 1 தான் உயர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே கண்ணோடுதான் பார்ப்பார்கள்: இந்தப் பள்ளியில் கிடைத்ததை வைத்து இந்தப் பிள்ளை என்ன செய்தாள்? கடலூர்ப் பள்ளி எப்படிப்பட்டது என்று அந்த அதிகாரிக்குத் தெரியாது. பள்ளிதான் சொல்ல வேண்டும். கவுன்சிலரின் வேலை இதுதான். நம் பக்கத்துப் பிள்ளைகளின் விண்ணப்பம் அவர்கள் எழுதும் பாதியில் விழுவதைவிடப் பள்ளி அனுப்பும் பாதியில்தான் அதிகம் விழுகிறது.

மார்க் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து கேட்பார்கள். கட்-ஆஃபுக்குப் பிளஸ் டூ மட்டும்தான் என்பதால் பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓட்டிவிட்டுப் பிளஸ் டூவுக்குப் போய்விடுகின்றன. ஆனால் முன்கூட்டிய விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 1, வழக்கமானதற்கு ஜனவரி முதல் வாரம். பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம். ஆக, அவர்கள் கையில் இருக்கும் கடைசி முழு ஆண்டு மார்க் பிளஸ் ஒன்தான். உங்கள் மகள் இப்போது அந்த ஆண்டில்தான் இருக்கிறாள்.

பிளஸ் டூ அரையாண்டு மார்க்கும் போகும். பிள்ளைகள் அலட்சியமாகிவிடக் கூடாது என்று அரையாண்டுத் தாளைக் கறாராகத் திருத்துவது நம் பள்ளிகளின் வழக்கம். பொதுத்தேர்வில் 580 எடுக்கப்போகிறவளுக்கு அரையாண்டில் 515. விளக்கமில்லாமல் அனுப்பினால் அங்கே அது 86 சதவீதப் பிள்ளை. மார்க்கைத் திருத்தி அனுப்பினால் மோசடி, அதன் பக்கமே போகாதீர்கள். பள்ளி தன்னைப் பற்றி எழுதி அனுப்பும் விவரக்குறிப்பில் கடந்த மூன்று ஆண்டுகளின் அரையாண்டு முதலிடமும் சராசரியும், அதே ஆண்டுகளின் பொதுத்தேர்வு முதலிடமும் சராசரியும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணையாகப் போட்டால் போதும்.

அந்த விவரக்குறிப்பு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மாணவர் எத்தனை பேர், என்னென்ன குரூப், குரூப்புக்கு வெளியே பாடம் எடுக்க முடியாது, ஏ.பி. போன்ற உயர்நிலைப் பாடங்கள் பள்ளியில் இல்லை, எத்தனை பேர் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள் என்பவை இருக்கட்டும். "ஏ.பி. இல்லை" என்ற வரி விட்டுப்போனால் கடினமான பாடத்தை இவளே தவிர்த்துவிட்டாள் என்று தோன்றும். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழகப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாறியதால், அங்கே படித்து பத்தும் பன்னிரண்டும் வேறு வேறு போர்டாக அமைந்தவர்கள் அதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும்.

அடுத்து பரிந்துரைக் கடிதங்கள். பொதுவாகப் பாட ஆசிரியர்கள் இருவர், கவுன்சிலர் ஒருவர். கவுன்சிலர் இல்லாத பள்ளியில் தலைமையாசிரியர் அந்த இடத்தை நிரப்பலாம். எம்.எல்.ஏ., ஓய்வுபெற்ற நீதிபதி கடிதமெல்லாம் கேட்டு அலையாதீர்கள், அவர்கள் இவளுக்கு இயற்பியல் நடத்தவில்லை. நன்னடத்தைச் சான்றிதழ் பாணியில் "ஒழுக்கமான மாணவி, வாழ்வில் சிறக்க வாழ்த்துகிறேன்" என்று எழுதினால் வீண். மின்னோட்டவியல் கணக்கில் புத்தக விடை தவறு என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினாள், பின்வரிசையில் இருவருக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொடுத்தாள் என்று நடந்ததை எழுத வேண்டும். ஆங்கிலம் எளிமையாக இருக்கலாம். மாணவியே எழுதி ஆசிரியர் பெயரில் பதிவேற்றினால் கட்டுரையின் நடையும் கடிதத்தின் நடையும் ஒன்றாக இருந்து காட்டிக்கொடுத்துவிடும். பிளஸ் டூ ஜூன், ஜூலையிலேயே கேட்டுவிடுங்கள். அக்டோபரில் ஆசிரியர்கள் ரிவிஷன் டெஸ்ட் தாளுக்குள் புதைந்திருப்பார்கள்.

பல கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பத்தை அனுப்ப உதவும் காமன் ஆப் தளத்தில் வெளிச் செயல்பாடுகளுக்குப் பத்து இடம், ஒவ்வொன்றின் விளக்கத்துக்கும் 150 எழுத்து. பங்கேற்புச் சான்றிதழ்களை அடுக்கிப் பத்தையும் நிரப்புவதைவிட உண்மையான நான்கு மேல். வீட்டு வேலையும் செல்லும்: பண்ருட்டியில் முந்திரிக் கொட்டை உடைக்கும் அம்மாவின் கூலிக் கணக்கை வாரம் எட்டு மணி நேரம் பார்ப்பதும் செயல்பாடுதான். முதன்மைக் கட்டுரை 650 சொல்லுக்குள். கடலூர் என்றாலே சுனாமியை எழுது என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2004-ல் பிறக்காத பிள்ளை எதை எழுதுவாள்?

எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை ஹார்வர்ட், எம்.ஐ.டி. மறுபடி கட்டாயமாக்கிவிட்டன. பிளஸ் டூ தொடங்குவதற்குள் ஒருமுறை எழுதிவிடுவது நல்லது.

இனி பணம். தனியார் பெரிய கல்லூரிகளில் தங்குமிடம், சாப்பாடு சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத், போடன் போன்ற சில இடங்கள் மட்டுமே வெளிநாட்டு மாணவர் பண உதவி கேட்கிறாரா என்று பார்க்காமல் தேர்வு செய்து, தேவையான முழுத்தொகையையும் தருகின்றன. மற்ற பெரும்பாலான இடங்களில் உதவி கேட்பதே சேர்க்கை முடிவைப் பாதிக்கும். பயந்து கேட்காமல் விட்டுவிட்டு, இடம் கிடைத்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்றால் பல கல்லூரிகளில் பிறகு தரமாட்டார்கள். "எர்லி டெசிஷன்" என்பது கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய ஒப்பந்தம், குடும்பமாக உட்கார்ந்து பேசாமல் கையெழுத்து வேண்டாம்.

உதவிக்கு சி.எஸ்.எஸ். புரொஃபைல் படிவத்தில் வருமானம், சொத்து, கடன் எல்லாம் கேட்பார்கள். நம் ஊர்ச் சிக்கல் ஒன்று இங்கே வரும். உதவித்தொகைக்காக இ-சேவையில் வாங்கிய வருமானச் சான்றிதழில் 72,000 இருக்கும், வருமான வரி ரிட்டர்னில் ஏழு லட்சம் இருக்கும். இரண்டும் ஒரே ஃபைலில் போனால் யாரும் நம்பமாட்டார்கள். உண்மையான தொகையையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். கடைக்காரர், மீனவர், விவசாயி என்று மாதச் சம்பளம் இல்லாதவர்கள் வரவு செலவை ஒரு பக்கக் கடிதமாக விளக்கலாம்.

விண்ணப்பக் கட்டணம் இத்தகைய பல கல்லூரிகளில் ஏறக்குறைய 75 முதல் 90 டாலர். கட்ட முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு, கவுன்சிலர் உறுதி செய்ய வேண்டியிருக்கலாம். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இயங்கும் எஜுகேஷன் யு.எஸ்.ஏ. மையத்தின் ஆலோசனையைப் பெற்றுக்கொள்ளுங்கள், தனியாரிடம் லட்சக்கணக்கில் கொட்டுவதற்கு முன்.

முடிவுகள் மார்ச் கடைசிக்குள் பெரும்பாலும் வந்துவிடும், மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும். நம் பொறியியல் விண்ணப்பம் மே மாதத்தில்தான் திறக்கும் என்பதால் அதையும் கட்டாயம் போட்டு வையுங்கள். இடம் கிடைத்த பிறகும் பள்ளி பிளஸ் டூ இறுதி மார்க்கை அனுப்ப வேண்டும். அதில் பெரிய சரிவு இருந்தால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு.