மான் வண்டியில் மாங்காய் இறக்கலாமா?

கேள்வி: நத்தம் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. மேல்தோப்பிலிருந்து சரக்கு வண்டி நிற்கும் இடம் வரை முந்நூறு மீட்டர் ஒற்றையடிப் பாதை, இறக்கம். தலைச்சுமைக்கு இப்போது ஆள் கிடைப்பதில்லை. ஆன்லைனில் தேடும்போது 'மான் வண்டி' என்று ஒன்றைப் பார்த்தேன். இரண்டு சக்கரம், மடக்கி வைக்கலாம், 500 தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? மான் பெயர் இருப்பதால் வனத்துறையில் ஏதும் பிரச்சினை வருமா?

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் உரிமம் வாங்கிக்கொண்டு மான் வேட்டைக்குப் போகிறவர்கள், சுட்ட மானைக் காட்டுக்குள்ளிருந்து சாலை வரை கொண்டுவர வைத்திருக்கும் வண்டி அது. இங்கே 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், கறி வைத்திருந்தாலும் வழக்குதான். நாய் கடித்துத் தோப்பில் செத்துக் கிடக்கும் மானைக்கூட நீங்களாக அதில் ஏற்றக் கூடாது, வனத்துறைக்குப் போன் போடுங்கள். மற்றபடி வண்டி வெறும் இரும்புதான். மாங்காய் ஏற்ற யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

சரி, வாங்கலாமா? அந்த 500 கிலோ இல்லை, பவுண்டு. கிலோவில் சுமார் 227. அதையும் சமதரைக்கான கணக்காகவே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாதை ஆறடிக்கு ஓரடி இறங்குகிறது என்று வைப்போம். ஐந்து கிரேட் (பிளாஸ்டிக் பெட்டி) மாங்காயும் வண்டியுமாக 120 கிலோ என்றால், இறங்கும்போது ஏறத்தாழ 20 கிலோ இழுவையை நீங்கள் பிடித்து நிறுத்த வேண்டும். விளம்பரத்தை நம்பி முழுப் பாரம் ஏற்றினால் அது 40 கிலோ. அப்புறம் வண்டியை நீங்கள் ஓட்டவில்லை, அதுதான் உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். அந்த வகை வண்டிகள் பெரும்பாலானவற்றில் பிரேக்கும் கிடையாது.

இன்னொன்று, மான் நீளமாகத் தொய்ந்து படுத்துக்கொள்ளும். அதற்கேற்ப நடுவில் பள்ளமாகக் குழாய்களை வளைத்து, வாரால் கட்டுகிற மாதிரி செய்திருப்பார்கள். சதுரக் கிரேட் அதில் ஆடும். பலகை போட்டுத் தளம் அமைக்காமல் முடியாது. அதில் வரும் சைக்கிள் மாதிரியான கம்பிச் சக்கரம் நேராக வரும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டில் கல்லில் இடித்தால் கோணிவிடும். கோணினால் அதே அளவுச் சக்கரத்துக்கு மதுரை முழுக்க அலைய வேண்டியதுதான்.

டயரில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம், நானும் ஏமாந்தவன். அழகர்கோவில் பக்கம் மாமா தோப்புக்குக் காற்று டயர் போட்ட கைவண்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முதல் நாளே சீமைக் கருவேல முள் குத்தி இரண்டு சக்கரமும் படுத்துவிட்டன. மாமா ஒன்றும் சொல்லவில்லை, அத்தை சொன்னார். கெட்டி ரப்பர் டயர் போட்டால் பஞ்சர் தொல்லை இல்லை, ஆனால் கல்லுக்குக் கல் அதிர்ந்து காய் அடிபடும். கல்லாமையோ செந்தூரமோ, அடிபட்ட இடம் பழுக்கும்போது கறுத்துவிடும், வியாபாரி விலையைக் குறைப்பார். அதனால் மாங்காய்க்குக் காற்று டயரே நல்லது. டியூபுக்குள் பஞ்சர் அடைக்கும் திரவத்தை ஊற்றிவிடுங்கள், டூவீலர் கடைகளில் கிடைக்கும்.

இத்தனைக்கும் முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பாதையின் ஆகக் குறுகலான இடத்தை அளந்து வாருங்கள். இரண்டரை அடிக்குக் குறைவாக இருந்து ஒரு பக்கம் சரிவும் இருந்தால் இரண்டு சக்கரமே வேண்டாம், ஒரு சக்கரம் மேடேறினாலே கவிழ்ந்துவிடும். கொத்தனார் வேலைக்கு வைத்திருக்கும் ஒற்றைச் சக்கர வண்டிதான் அங்கே போகும். பாரத்தில் ஒரு பங்கு உங்கள் கையில் நிற்கும் என்பதால் இரண்டு, மூன்று கிரேட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாதை அகலமாக இருந்தால், நான் மான் வண்டியை விட்டுவிட்டுப் பட்டறைக்குத்தான் போவேன். பழைய எக்ஸ்எல் வண்டியின் முன்சக்கரம் இரண்டு வாங்கினால் 16 அங்குல டயர், பேரிங், டிரம் பிரேக் எல்லாம் அதிலேயே வந்துவிடும். பிரேக் கேபிளைக் கைப்பிடிக்கு இழுத்துவிடலாம். பட்டறைக்காரரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று: அந்தச் சக்கரம் இரண்டு பக்கமும் பிடிப்பு இருக்கும்படி செய்யப்பட்டது. ஒரு பக்கம் மட்டும் அச்சில் தொங்கவிட்டால் நாளாக ஆக வளைந்துவிடும், உள்பக்கமும் வெளிப்பக்கமும் பட்டை வைத்துத்தான் மாட்ட வேண்டும். பாரம் அச்சுக்கு நேர் மேலே உட்கார வேண்டும், கைப்பிடியில் ஐந்தாறு கிலோவுக்கு மேல் தெரியக் கூடாது.

சக்கரமில்லாத பிளாஸ்டிக் சறுக்குப் பலகையும் விற்கிறார்கள். பனிக்கும் புல்லுக்கும் சரி, நம் சரளைக் கல்லில் தேய்ந்துபோகும்.

கேள்வி: நான் மேலூர்க்காரன். ஆன்லைனில் வாங்கிய கைவண்டியின் அச்சு பத்தே நாளில் வளைந்துவிட்டது. திருப்பி அனுப்பும் ஏழு நாள் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். அவ்வளவுதானா?

பதில்: இல்லை. தரக்குறைவுக்குப் புகார் செய்ய அவர்கள் வைத்த ஏழு நாள் கணக்கு உங்களைக் கட்டுப்படுத்தாது. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போனால் போதும். எவ்வளவு பாரம் ஏற்றினீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். விளம்பரத்தில் கிலோவா பவுண்டா என்று போடாமல் வெறும் எண் மட்டும் இருந்தால், அவர்கள் மாற்றுவதற்குள் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.